வேஷமா, உடையா? ஆர்ல் நகரத்துப் பெண்களும் நம் கரைத் துணியும்

தென் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் ஆர்ல் நகரத்துக்கு ஜூலை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை போக நேர்ந்தால், ஒரு வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது. அது ‘தெகிஸ்மான்’ என்ற வார்த்தை. நம்மூரில் பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வேஷம், மாறுவேஷம் என்று பொருள். அன்றைக்கு அங்கே உடைத் திருவிழா. நூறு, இருநூறு வருஷத்துக்கு முந்தைய உடைகளில் கிழவி முதல் கைக்குழந்தை வரை ஊர்வலமாக வருவார்கள். அவர்களிடம் ஒரு வெளியூர்க்காரர் நல்லெண்ணத்தோடுதான், “உங்கள் வேஷம் பிரமாதம்” என்று சொல்லிவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். “நாங்கள் வேஷம் போடவில்லை ஐயா, உடுத்தியிருக்கிறோம்” என்று பதில் வரும்.

இந்த வித்தியாசம் என் மனதில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கும் நம் கரைக்கும் ஒரு பழைய தொடர்பு இருப்பதால் அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான சமாசாரம், பொறுமையாகப் படியுங்கள்.

என் வயதில் புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஆர்ல் என்ற பெயர் புதிதல்ல. அல்போன்ஸ் தொதே எழுதிய ‘ஆர்லேசியேன்’ கதை நினைவிருக்கும். ஆர்ல் நகரத்துப் பெண் ஒருத்தியின் மேல் ஆசைப்பட்டு உயிரை விடும் குடியானவப் பையனின் கதை. 1872-ல் அது நாடகமானது, பிசே இசையமைத்தார். வேடிக்கை என்னவென்றால் நாடகம் முழுவதும் அவளைப் பற்றியே பேச்சு, அவள் ஒரு தடவைகூட மேடைக்கு வருவதில்லை. அதனால்தான் எல்லோரும் பேசுவார்கள், யாரும் கண்ணால் பார்க்க மாட்டார்கள் என்கிற ஆளை பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘ஆர்லேசியேன்’ என்கிறார்கள். எங்கள் வாத்தியார் இதைச் சொல்லி, வகுப்புக்கு அடிக்கடி வராத ஒரு பையனுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

நான் ஆர்ல் பெண்களைக் கண்ணால் பார்த்தது 2009-ல். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம். என் தங்கை மகள் அப்போது நீம் நகரத்தில் இருந்தாள். அங்கிருந்து ஆர்ல் முப்பது கிலோமீட்டர்தான். அவளோடு வேலை பார்த்த ஒரு மதாம் ஆர்ல்காரி. ஊர்வலத்துக்கு முந்தைய நாள் அவர் வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். ஊர்வலத்தைவிட அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

மேசை முழுக்கத் துணி. அந்த மதாம் தன் உடையைக் கடையில் வாங்கவில்லை. குளிர்காலம் முழுக்க மாலை நேரங்களில், ஊர்ப் பெண்கள் சிலரோடு உட்கார்ந்து தானே தைத்திருந்தார். அச்சடித்த வெட்டுமாதிரி எதுவும் கிடையாதாம். பரணில் பெட்டியில் கிடக்கும் பழைய ரவிக்கையை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, தையல் எங்கே ஓடுகிறது, துணி எந்த வாக்கில் வெட்டப்பட்டிருக்கிறது என்று அளந்து, காகிதத்தில் வரைந்து கொள்வார்கள். பழைய துணியைப் பிரிப்பது பாவம். அதை வைத்துக்கொண்டு அப்படியே இன்னொன்று செய்வதுதான் வேலை.

என்ன உடை அது? 1900-ஐ ஒட்டிய வகையைச் சொல்கிறேன், படங்களில் அதிகம் வருவது அதுதான். கணுக்கால் வரை இறங்கும் பாவாடை. பின்பக்கம் சற்றே நீளம். மேலே உடம்போடு ஒட்டிய, முழங்கைக்குக் கீழே வரை கை வைத்த கறுப்பு ரவிக்கை. அதன் மேல் ‘ஃபிஷூ’ என்கிற மெல்லிய மேல்துணி. நம்மூர் தாவணி முந்தானையைப் போல இதைச் சும்மா எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. மேசையில் வைத்து மடிப்பு மடிப்பாக நீவி, கழுத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து, ஒவ்வொரு மடிப்பையும் குண்டூசியால் ரவிக்கையோடு பிடிக்க வேண்டும். மடிப்புகள் விசிறி போல ஒரே அளவாக இறங்க வேண்டும். மார்பின் மேல்புறம் மடிப்புகளுக்கு நடுவே உண்டாகும் இடைவெளிக்கு ‘ஷாப்பேல்’ என்று பெயர், சிறு கோயில் என்று அர்த்தம். கழுத்துச் சிலுவை அங்கே வந்து தங்குவதால் அந்தப் பெயர் என்பார்கள்.

அதற்கு மேலே தலை. முடி நீளமாக இருந்தாக வேண்டும். நடு வகிடு எடுத்து, இருபுறமும் அலை அலையாக வாரி, உச்சிக்குக் கொண்டுபோய்க் கொண்டை போட்டு, அதைச் சுற்றிப் பூ வேலைப்பாடு செய்த வெல்வெட் ரிபானைச் சுற்றிக் குத்த வேண்டும். அந்த ரிபான் நெய்தது பெரும்பாலும் சேன்தெத்தியேன் நகரத்துத் தறிகளில். ரிபான் சுற்றத் தெரிந்த பாட்டி ஒருத்தி வீட்டில் இருந்தால் பெரிய சொத்து. இல்லாவிட்டால் விடியற்காலையில் எழுந்து, தெரிந்தவர் வீட்டு வாசலில் போய் வரிசையில் உட்கார வேண்டும் என்று அந்த மதாம் சிரித்துக்கொண்டே சொன்னார். நம்மூரில் கல்யாணத்தன்று பின்னல் போடுகிறவருக்காகக் காத்துக்கிடப்பது என் நினைவுக்கு வந்தது.

இது விசேஷ உடை. வேலை நாளில் பட்டு ரிபான் கிடையாது. அந்தக் காலத்து வேலைக்காரப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியைத் தலையில் கட்டி உச்சியில் முடிந்து, இரண்டு முனைகளையும் முயல் காது மாதிரி நிற்க விடுவார்கள். ‘கிராவாத்’ கட்டு என்று அதற்குப் பெயர். துவைத்தால் போதும், கெட்டுப்போகாது. திருவிழாவுக்கு இன்று அந்த வேலை உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எனக்கு அவர்களைத்தான் அதிகம் பிடித்தது. எல்லோரும் ராணியின் பேத்தி என்று வந்தால் துணி வெளுத்தவளின் பேத்தி எங்கே போனாள்?

சிறுமிகளுக்கு வேறு உடை, வேறு வெள்ளைத் தொப்பி. அதற்கு ‘மிரெய்’ என்று பெயர். மிஸ்த்ரால் என்ற கவிஞர் 1859-ல் எழுதிய காவியத்தின் நாயகி பெயர் அது. பெண் வளர்ந்து பதினைந்து, பதினாறு ஆனதும் அந்தத் தொப்பியை விட்டு முதல் முறையாக ரிபான் சுற்றிக்கொள்வாள். பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு மாறுவது மாதிரி என்று என் தங்கை மகளிடம் சொன்னேன். “மாமா, அதையேதான் நானும் அவர்களிடம் சொன்னேன்” என்றாள்.

இனி துணிக் கதைக்கு வருகிறேன்.

ஆர்ல் நகரத்தில் ரெயாத்து அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே அந்தோவான் ராஸ்பால் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் வரைந்த ஒரு படம். ஆர்ல்காரர்தான், 1738-ல் பிறந்து 1811-ல் இறந்தவர். படம் ஒரு தையற்கூடம். மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள், தைத்த உடைகள் பின்சுவரில் தொங்குகின்றன. அந்தக் காலத்து ஓவியர்கள் சீமாட்டிகளைத்தான் வரைவார்கள், தையற்காரிகளை வரைந்தவர்கள் குறைவு. இன்று பழைய உடை தைக்கிற பெண்களுக்கு இந்தப் படம்தான் பாடப்புத்தகம். ரவிக்கை எங்கே முடிகிறது, தோள் துணி எப்படி விழுகிறது என்று எல்லாம் அதில் தெரியும்.

அந்தப் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அவர்கள் உடுத்தியிருப்பது வெறும் கறுப்பு வெள்ளை அல்ல. பூவும் கொடியும் போட்ட வண்ணப் பருத்தி. பிரெஞ்சில் அதற்கு ‘அந்தியேன்’ என்று பெயர். அதாவது ‘இந்தியாக்காரி’. துணியின் பெயரே அதுதான்.

பதினேழாம் நூற்றாண்டில் நம் கோரமண்டல் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன வண்ணத் துணி ஐரோப்பாவை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. காரணம் எளிது. அவர்களிடம் கம்பளியும் பட்டும் லினனும் இருந்தன. பட்டைத் துவைக்க முடியாது. கம்பளி கனம். பருத்தியில் அழகாகப் பூப்போட்டு, எத்தனை தடவை துவைத்தாலும் வெளுக்காமல் இருக்கிற துணி அவர்கள் பார்த்ததே இல்லை. பெண்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள். 1664-ல் கொல்பேர் தொடங்கிய இந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக இறக்கியது. அந்தக் கம்பெனிக்காகத்தான் பிரான்சுவா மார்த்தேன் 1674-ல் நம் புதுச்சேரியில் கால் ஊன்றினார் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மிளகும் வைரமும் என்று நாம் பேசுகிறோம். புதுச்சேரி எழும்பியது முக்கியமாகத் துணியால்.

உள்ளூர் பட்டு, கம்பளி நெசவாளர்கள் அலறினார்கள். 1686 அக்டோபரில் பதினான்காம் லூயியின் அரசு தடை போட்டது. வண்ணம் தீட்டிய இந்தியப் பருத்தி இறக்குமதிக்குத் தடை, பிரான்சிலேயே அச்சடிப்பதற்கும் தடை, அச்சுக்கட்டைகளை உடைக்க உத்தரவு. 1759 வரை எழுபத்து மூன்று வருஷம் இது நீடித்தது. தெருவில் போகிற பெண்ணின் மேலிருந்து துணியைப் பிடுங்கிக் கிழித்த சம்பவங்கள் உண்டு. கள்ளக் கடத்தல்காரர்களைத் துடுப்புக் கப்பலில் கைதிகளாகத் தள்ளினார்கள். பலன்? தடை போட்ட துணி இன்னும் நாகரிகமாகிவிட்டது. அரசவைச் சீமாட்டிகளே உடுத்தினார்கள். அவர்கள் துணியைக் கிழிக்க எந்தச் சேவகன் போவான்?

அரசாங்கம் மனிதர்களின் உடம்பில் கிடப்பதன் மேல் கை வைத்த கதை நமக்கும் ஒன்று உண்டு. 1873-ல் புதுவை நீதிமன்றத்துக்கு ஐரோப்பியச் செருப்புப் போட்டுக்கொண்டு போனதற்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, பாரிஸ் வரை வழக்காடி வென்றார். லப்போர்த் என்று பிறகு பெயர் வைத்துக்கொண்டாரே, அவர்தான். அதைத் தனியே ஒருநாள் எழுதலாம்.

ஆர்ல் பக்கம் இந்தத் தடை சரியாகப் பிடிக்கவே இல்லை. பக்கத்திலேயே மார்செய் துறைமுகம். வெளிநாட்டுச் சரக்கு அங்கே இறங்கலாம், நாட்டுக்குள் வரத்தான் கூடாது. இறங்கிய சரக்கு எப்படியோ உள்ளே வந்துகொண்டேதான் இருந்தது. மார்செயில் 1648-லேயே உள்ளூர்க்காரர்கள் துணியில் அச்சடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சீட்டுக்கட்டு அச்சடிக்கிறவர்களிடம் மரக்கட்டை இருந்ததல்லவா, அதே கையை இதில் காட்டினார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சூட்சுமம் பிடிபடவில்லை. அச்சு விழுந்தது, சாயம் நிற்கவில்லை. ஒரு வெளுப்பிலேயே போய்விட்டது.

சூட்சுமம் நம் கரையில் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள இங்கே இரண்டு பேர் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவர் பொல்யே என்ற கடற்படை அதிகாரி. 1734-ல் புதுச்சேரியில் துணி தீட்டுகிறவர்கள் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணி எப்படி மாறுகிறது என்று குறித்து, கட்டத்துக்கு ஒரு துண்டாக மாதிரித் துணியும் சேர்த்து பாரிசுக்குக் கொண்டுபோனார். இன்னொருவர் சேசு சபைப் பாதிரியார் கெர்தூ. சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உள்ள உறவைக் கவனித்து எழுதியவர் என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டாடுகிற அதே கெர்தூதான். 1742-ல் அவர் இந்தக் கரையிலிருந்து எழுதிய நீண்ட கடிதம் துணி தீட்டுவதைப் பற்றியது. அந்தத் தொழிலில் இருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். இன்றைய பாஷையில் இதைத் தொழில் ரகசியத் திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்த முறை எப்படி இருந்தது என்று நமக்கே தெரிந்திருக்காது. நான் அவரைத் திட்டுவதற்குத் தயாரில்லை.

முறை இதுதான். துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பினால், தீட்டுகிற திரவம் துணியில் பரவி ஓடாது. கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மூங்கில் குச்சி எழுதுகோலால் கோடு. கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்புத் துருவை ஊறவைத்த நீர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிக்காரக் கரைசல். படிக்காரம் போட்ட இடம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, நிறமில்லாத தண்ணீர்தானே. துணியைச் சாயவேர், அதாவது இம்பூறல் வேர் போட்ட கொதிநீரில் இறக்கினால் படிக்காரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாக விழித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயம் சாணமும் வெயிலும் தண்ணீரும் பட்டுப் பட்டு வெளுத்துப்போகும். நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டாத இடம் முழுக்க மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். பச்சை வேண்டுமென்றால் நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டுவார்கள். மஞ்சள்தான் நாளாக நாளாக மங்கும். அருங்காட்சியகத்தில் இருக்கிற பழைய துணிகளில் இலைகள் நீலமாக இருப்பதைப் பார்த்து ‘என்ன கற்பனை!’ என்று வியக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். கற்பனை ஒன்றும் இல்லை, பச்சையிலிருந்து மஞ்சள் போய்விட்டது.

இந்த அறிவு போய்ச் சேர்ந்து, 1759-ல் தடையும் நீங்கியதும், அடுத்த வருஷமே ஒபெர்காம்ப் பாரிசுக்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். தெற்கே ஊரூராகப் பட்டறைகள் வந்தன. அதனால் ஆர்ல் பெண்கள் உடுத்தியதெல்லாம் புதுச்சேரித் துணி என்று நாம் மார்தட்டிக்கொண்டால் அது சரியாகாது. கொஞ்சம் நம் கரையிலிருந்து போனது, நிறைய அங்கேயே நம்மைப் பார்த்து அடித்தது. பின்னால் அசலைவிட நகல் மலிவாகியும் விட்டது. அந்தக் கதையின் மறுபாதியை, இயந்திரத் துணி கப்பலேறித் திரும்பி வந்து நம் நெசவாளரை என்ன செய்தது என்பதை, நான் விரிக்கத் தேவையில்லை.

சரி, ஆர்ல் உடை எப்படித் தப்பிப் பிழைத்தது?

முதலில் ஒன்று. மிஸ்த்ரால் வரும் வரை அது ‘பழைய உடை’யாகவே இல்லை. இருபது வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்த சாதாரண உடை. பதினெட்டாம் நூற்றாண்டில் பின்னால் வால் வைத்த ‘துருலே’ என்ற சட்டையும் தைத்துக் கனத்த உள்பாவாடையும் இருந்தன. புரட்சிக்குப் பிறகு இடுப்பு மேலே ஏறியது. பிறகு தொப்பி குறுகிக் குறுகி வெறும் ரிபான் ஆனது. பாரிஸ் நாகரிகத்தைப் பார்த்து, அதைத் தங்கள் வழியில் திருப்பித் தைத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் ரயிலும் பெரிய துணிக்கடைகளும் வந்ததும், திருப்பித் தைக்கிற வேலையே வேண்டாம் என்று இளம் பெண்கள் நேராகப் பாரிஸ் தொப்பிக்குப் போனார்கள்.

மிஸ்த்ரால் இதைப் பொறுக்கவில்லை. 1896-ல் மூசியோன் ஆர்லாத்தென் என்ற அருங்காட்சியகத்துக்கு அடிபோட்டார், 1899-ல் திறந்தது. பெண்களின் உடை, தொப்பி, ஊசி, தொட்டில் என்று வீட்டுச் சாமான்களைச் சேர்த்தார். 1904-ல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது, ஸ்பெயின்காரர் ஒருவரோடு பகிர்ந்துகொண்டார். அந்தப் பணத்தை வீடு கட்டவோ பெட்டியில் பூட்டவோ இல்லை. அருங்காட்சியகத்தைப் பெரிய மாளிகைக்கு மாற்றச் செலவு செய்தார். அங்கே காவல் வேலை பார்த்த பெண்கள் அவர் விருப்பப்படி ஆர்ல் உடையிலேயே வேலைக்கு வந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உடை, பெட்டிக்குப் பக்கத்தில் அதே உடையில் சாவிக்கொத்தோடு ஒரு பெண். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு எந்த அருங்காட்சியகத்திலும் நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்கு முன்னால் 1903-ல் ‘ஃபெஸ்தோ வியெர்ஜினென்கோ’ என்று ஒரு விழா தொடங்கினார். கன்னிப் பெண்கள் விழா. முதல் முறையாக ரிபான் சுற்றிக்கொள்ளும் பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார். நான் குமாஸ்தாவாக வாழ்ந்தவன். ஒரு காகிதத்துக்கு மனிதர்களைக் கட்டிப்போடுகிற சக்தி உண்டு என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்த வீட்டில், மகளும் பேத்தியும் அதே மாதிரி ஒன்றை வாங்காமல் இருப்பார்களா? 1930-ல், மிஸ்த்ரால் பிறந்த நூற்றாண்டில், ‘ஆர்ல் ராணி’ தேர்வு வந்தது. இப்போது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்வு. அழகுப் போட்டி என்று நினைக்க வேண்டாம். ஊர் வரலாறு, இலக்கியம், புரோவான்சு மொழி, உடை பற்றிய அறிவு எல்லாவற்றிலும் கேள்வி கேட்பார்கள்.

மிஸ்த்ரால் செய்ததில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அவர் காப்பாற்றினார், ஆனால் கடிகாரத்தை நிறுத்தியும் விட்டார். அவருக்கு முன் மாறிக்கொண்டே இருந்த உடை, அவர் காலத்தோடு நின்றுபோனது. இன்று அங்கே தைக்கிறவர்கள் முதலில் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள்: பதினாறாம் லூயி காலமா, மூன்றாம் நெப்போலியன் காலமா, 1900-ஆ? தேர்ந்தெடுத்த பிறகு உள்பாவாடையிலிருந்து காதுத் தொங்கல் வரை அந்தக் காலத்தில் நிற்க வேண்டும். ஒன்றின் ரவிக்கையை இன்னொன்றின் பாவாடையோடு சேர்த்தால் தொலைந்தது. கைக்கடிகாரமும் நகப்பூச்சும் கறுப்புக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு வருகிற பெண்ணைக் கிழவிகள் ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

தையல் மெஷினில் தைக்கலாமா என்பதில் மட்டும் அந்த மேசையில் சண்டையே வந்தது. மதாம் சொன்னது: 1900 உடைக்கு மெஷின் சரி, அந்தக் காலத்தில் மெஷின் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு உடைக்குக் கையால்தான் தைக்க வேண்டும். அவருடைய சிநேகிதி ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே தெரியாத நீள மூட்டலுக்கு மெஷின் வைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்றார். நான் நடுவில் புகுந்து, தையல் மெஷினுக்கு 1830-ல் உரிமை வாங்கிய தீமோனியே உங்கள் நாட்டுத் தையற்காரர்தானே, அவருடைய பாரிஸ் பட்டறையில் ராணுவ உடை தைத்துக்கொண்டிருந்த எண்பது மெஷின்களைத் தையற்காரர்கள் கும்பலாக வந்து உடைத்தார்களே, அந்தச் சண்டை இன்னும் முடியவில்லையா என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு மறுபடியும் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

நின்றுபோன உடைதானே, அப்படியென்றால் அது வேஷம் என்று சொல்வதில் என்ன தவறு? இதை நான் நெடுநாள் யோசித்தேன். நம் தெருக்கூத்தில் வேஷம் கட்டுவது இழிவான காரியம் அல்ல. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டியவன் துரியோதனனாகவே ஆகிவிடுகிறான். விடிந்து முகத்தைக் கழுவும் வரை அவன் அவன் இல்லை. அங்கே ஆர்லில் நடப்பது நேர் எதிர். ரிபான் சுற்றிக்கொண்ட பெண் வேறு யாராகவும் ஆகவில்லை. தன் பெயரோடும் தன் ஊரோடும்தான் நிற்கிறாள். உள்மூட்டல் எங்கே ஓடுகிறதென்று அவளுக்குத் தெரியும், அவளே தைத்தது. வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு மாலையில் திருப்பிக் கொடுக்கிற உடையில் அது வராது. அதனால் அந்த மதாம் கட்சியில்தான் நானும் இருக்கிறேன்.

துணி அச்சும் அங்கே அடியோடு போகவில்லை. ஆர்லுக்குச் சற்று வடக்கே தாராஸ்கோன் என்ற ஊரில், பழைய மரக்கட்டை அச்சுகளை வைத்துச் சார்ல் தெமெரி என்பவர் 1939-ல் ‘சூலெயாதோ’ என்ற பெயரில் தொழிலை எழுப்பினார். நம் மாங்காய் வடிவமும் கொடியும் புள்ளியும் இன்று ‘புரோவான்சு டிசைன்’ என்று மேசைவிரிப்பாக விற்கின்றன. பாரிசிலிருந்து நம்மவர்கள் புதுவையில் இருக்கும் அம்மாவுக்குப் பிரெஞ்சுப் பரிசு என்று அதை வாங்கி வருகிறார்கள். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

நம் பக்கத்தில் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் பொல்யே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அந்தத் தொழில் இன்று இல்லை. வடக்கே காளஹஸ்தியிலும் மசூலிப்பட்டினத்திலும் கலம்காரி நடக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் மூங்கில் எழுதுகோலால் துணியில் தீட்டுகிற கை இருக்கிறது. கோயிலுக்குத் தொம்பை, விதானம், தேர்ச்சீலை செய்து கொடுத்த பரம்பரை. கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கும்பகோணத்துக்குக் கோயில் சுற்றப் போகிற நம் புதுவை அன்பர்கள் யாராவது வழியில் அங்கே இறங்கி, கடுக்காயும் படிக்காரமும் இன்னும் அதே வரிசையில்தான் போகிறதா என்று பார்த்து எனக்கு எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன். முழங்கால் ஒத்துழைத்தால் தை பிறந்ததும் நானே ஒரு நடை போய்வருகிறேன்.